வேலையில் எனக்கு என்னதான் வேண்டும்?

ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) ரிசல்ட் வந்த கிழமையில் இலங்கை மலையகத்துப் பிள்ளை ஒருவரிடம் "அடுத்து என்ன செய்யப் போற?" என்று கேட்காதவர் குறைவு. கேட்கிறவர் பதிலையும் கையோடு கொண்டு வந்திருப்பார். "டீச்சிங்குக்குப் போடு", "நர்சிங் பாரு", "பேங்க் எக்ஸாம் எழுது", "வெள்ளவத்தையில மாமாவுக்குத் தெரிஞ்ச கடை ஒண்ணு இருக்கு." உனக்கு என்ன விருப்பம் என்று யாராவது கேட்டாலும் பிள்ளையிடம் பெரும்பாலும் பதில் இருக்காது. அதே பிள்ளை முப்பது வயதில், ஒரு உத்தியோகம், மாதச் சம்பளம், கழியாத கடன் எல்லாம் ஆன பிறகு, தனக்குத்தானே அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளும். அப்போதும் பதில் வராது. இரண்டு மௌனத்துக்கும் காரணம் வேறு வேறு. அதைப் பிரித்துப் பார்க்க உதவுகிற ஒரு கருத்து உண்டு. அதன் பெயர் தொழில் நங்கூரம்.

இதைச் சொன்னவர் எட்கர் ஷைன். 1928இல் சூரிச்சில் பிறந்து, அமெரிக்காவின் எம்.ஐ.டி பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் நிர்வாகவியல் படிப்பித்து, 2023இல் காலமானவர். 1960களின் தொடக்கத்தில் அங்கே முதுகலை முடித்து வெளியேறவிருந்த 44 பேரிடம், வேலையிலிருந்து என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று விரிவாகக் கேட்டுப் பதிந்து வைத்தார். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து அதே ஆட்களைத் தேடிப் பிடித்தார். இந்த வேலையை ஏன் எடுத்தீர்கள், அதை ஏன் விட்டீர்கள், அந்தப் பதவியை ஏன் வேண்டாமென்றீர்கள் என்று ஒவ்வொரு திருப்பமாகக் கேட்டார். ஆளுக்கு ஆள் பாதை வேறு வேறாகத்தான் இருந்தது. ஆனால் ஒரே ஆள் சொன்ன காரணங்கள் மட்டும் திரும்பத் திரும்ப ஒரே பக்கம் சாய்ந்தன. பொருந்தாத வேலையில் இருந்தபோது ஏதோ ஒன்று தங்களைப் பழைய இடத்துக்கே இழுத்தது என்று பலர் சொன்னார்கள். அந்த இழுப்புக்குத்தான் ஷைன் நங்கூரம் என்று பெயர் வைத்தார்.

எளிமையாகச் சொன்னால், இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்ற நிலை வரும்போது எதை நீங்கள் விட்டுக்கொடுக்க மாட்டீர்களோ, அதுதான் உங்கள் நங்கூரம். கவனியுங்கள்: உங்களுக்குப் பிடித்ததெல்லாம் அதில் சேராது. நல்ல சம்பளம் எல்லோருக்கும் பிடிக்கும். மரியாதை, நேரத்துக்கு வீடு, பென்சன், நல்ல மேலதிகாரி, எல்லாமே பிடிக்கும். எல்லாம் ஒன்றாகக் கிடைக்கிற வரைக்கும் எது முக்கியம் என்று யாருக்கும் தெரிய வராது. மோதல் வந்தால்தான் தெரியும்.

நங்கூரத்தில் மூன்று இழைகள் முறுக்கியிருப்பதாக ஷைன் சொன்னார்: உங்களுக்கு எது கைவருகிறது, எது உங்களை உந்துகிறது, எதைப் பெரிதாக மதிக்கிறீர்கள். முதல் இழையே வேலையில் இறங்காமல் தெரியாது. வகுப்பில் கணக்குப் போடுவதும், குழம்பிக் கிடக்கும் கடைக் கணக்கை மாதக் கடைசியில் சரிக்கட்டுவதும் ஒன்றல்ல. ஆகவே நங்கூரம் தெளிவாகச் சில வருட வேலை அனுபவம் வேண்டும் என்பது அவர் கருத்து. பத்தொன்பது வயதுப் பிள்ளையின் மௌனத்துக்கு இதுதான் காரணம். பிள்ளையிடம் குறை ஒன்றும் இல்லை. "உன் கனவைத் துரத்து" என்று பாடசாலை மண்டபத்தில் மைக் பிடித்துப் பேசுகிறவர்கள் மேல் எனக்கு இதனால்தான் ஒரு எரிச்சல். இன்னும் உருவாகாத ஒன்றை இப்போதே எடுத்துக் காட்டச் சொன்னால் பிள்ளை என்ன செய்யும்? பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கனவைத் தன்னுடையது என்று சொல்லிவிட்டு உட்காரும்.

ஷைன் முதலில் ஐந்து நங்கூரங்களைக் கண்டார், 1980களில் இன்னும் மூன்றைச் சேர்த்தார். எட்டையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. சிலவற்றை மட்டும் நம் பக்கத்து வேலைகளில் வைத்துப் பார்த்தால் போதும்.

தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், டீமேக்கரைப் பாருங்கள். வாட்டிய கொழுந்தை உருட்டி, உடைந்த இலை நொதித்து நிறம் மாறும்போது, எந்தக் கட்டத்தில் அதை உலர்த்தும் இயந்திரத்துக்கு அனுப்புவது என்பது அவர் கையில். கையில் எடுத்து முகர்ந்து பார்ப்பார். கொஞ்சம் முந்தினால் பச்சை வாடை, பிந்தினால் தேநீரில் உயிர் இருக்காது. ராத்திரி, பகல் என்று பார்க்காத வேலை. இப்படிப்பட்ட ஒருவரை ஆபீசில் உட்கார வைத்து, ஆட்களை மேய்க்கச் சொல்லி, கூடுதல் சம்பளமும் கொடுத்துப் பாருங்கள். சிலர் மலர்ந்துவிடுவார்கள், அவர்களுடைய நங்கூரம் நிர்வாகம். சிலர் ஆறு மாதத்தில் சோர்ந்துபோய், ஏதாவது சாக்கு வைத்து ஸ்டோருக்குள்ளேயே சுற்றுவார்கள். அவர்களுடையது கைத்திறன். நம் ஊரில் பதவி உயர்வை மறுப்பவரைப் பைத்தியக்காரன் என்பார்கள். அவர் தன்னைத் தெரிந்து வைத்திருக்கிறார் என்பதுதான் பெரும்பாலும் உண்மை.

சுதந்திரத்தையும் சொந்தத் தொழிலையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். ஹட்டனில் இரண்டு டியூசன் மாஸ்டர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவருமே இருந்த வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள். ஒருவருக்குத் தன் நேரம் தன் கையில் இருந்தால் போதும். வகுப்பைப் பெருப்பிக்கச் சொன்னால், "அப்புறம் அதுக்கும் நான்தானே ஓடணும்" என்பார். மற்றவர் தலவாக்கலையில் ஒரு கிளை, நுவரெலியாவில் ஒரு கிளை, சம்பளத்துக்கு நாலு மாஸ்டர் என்று கணக்குப் போடுவார். அதற்காகத் தூக்கம் கெட்டாலும் அவருக்குப் பரவாயில்லை. முதலாமவருக்கு வேண்டியது யாரும் மேய்க்காத வாழ்க்கை, இரண்டாமவருக்கு வேண்டியது தான் உருவாக்கியது என்று சொல்ல ஒரு நிறுவனம். முதலாமவர் இரண்டாமவரைப் பார்த்துக் கடன் எடுத்துக் கிளை திறந்தால் அவதிதான்.

சவால் என்ற நங்கூரக்காரர்களுக்கு என்ன வேலை என்பதைவிட, முடியாது என்று மற்றவர் சொன்னதை முடிப்பதுதான் முக்கியம். சேவை நங்கூரம் பெயரிலேயே விளங்கும், பிறகு அதற்கு வருகிறேன். வாழ்க்கை முறை நங்கூரத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வேலையும் வீடும் ஒன்றுக்கொன்று இடிக்காமல் இருக்க வேண்டும் என்பதே அவர்களுக்கு முதல் நிபந்தனை. பண்டாரவளையில் அம்மாவைத் தனியாக விட்டுவிட்டுக் கொழும்புக்குப் போகமாட்டேன் என்று நல்ல வேலையை வேண்டாமென்ற பெண்ணை "முன்னேறத் தெரியாதவள்" என்கிறார்கள். அவள் கணக்கில் வாழ்க்கைதான் முதல் வரி, வேலை அடுத்த வரி. அதுவும் எட்டில் ஒன்றுதான், மற்ற ஏழுக்கும் குறைந்ததல்ல.

இனி பாதுகாப்பு. மலையகத்தில் இதைப் பற்றிக் கொஞ்சம் நின்றுதான் பேச வேண்டும், ஏனென்றால் இங்கே நங்கூரங்கள் பரம்பரைச் சொத்தாக வருகின்றன.

1948ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டம், தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழிவந்த மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருடம் வாக்குரிமையும் போனது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கு போட்டது. மிச்சமிருந்த 150,000 பேரின் கணக்கு 1974 வரை இழுபட்டது. அதற்குப் பிறகும் பிரச்சினை நீண்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் பெரும்பாலும் தீர்ந்தது. குடியுரிமை இல்லாதவருக்கு அரசாங்க உத்தியோகம் இல்லை. குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் (வரிசை வீட்டு அறையும்) தோட்டத்துக்குச் சொந்தம். வீட்டில் யாரும் தோட்டத்தில் பேர் போட்டு வேலை செய்யவில்லை என்றால் அந்தக் காம்பராவுக்கே கேள்வி வரும். நாள் சம்பளம் ஆயிரம் ரூபா என்ற கோரிக்கை பல வருடம் இழுபட்டு 2021இல்தான் வர்த்தமானியில் ஏறியது. இப்படி வாழ்ந்த தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைக்கு, "என்ன ஆனாலும் கவர்மெண்டு வேலைதான்" என்று அப்பா சொல்வதைப் பத்தாம்பசலித்தனம் என்று தள்ள முடியாது. மாதம் தவறாத சம்பளம், பென்சன், யாரும் வெளியே போ என்று சொல்ல முடியாத ஒரு நியமனக் கடிதம்: அந்தக் குடும்பத்துக்கு இதெல்லாம் எப்படிப்பட்ட பொருள் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் அப்பாவின் நங்கூரம் உங்களுடையதாகவும் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. இருக்கலாம். பாதுகாப்பு நங்கூரம் கோழைத்தனமல்ல. அதை உடையவர்கள் ஒரே இடத்தில் முப்பது வருடம் ஒழுங்காக வேலை செய்கிறவர்கள், அவர்கள் இல்லாமல் எந்த அலுவலகமும் ஓடாது. இல்லாமலும் போகலாம். அப்படியானால் அந்த நியமனக் கடிதம் கையில் கிடைத்த பிறகும், பெயர் சொல்லத் தெரியாத ஒரு குறை மனதில் கிடக்கும். முப்பது வயது மௌனம் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதில் பாதி இதுதான்.

பாதுகாப்பை நங்கூரமாகக் கொண்டவரையும் மற்றவரையும் பிரித்துக் காட்டிய ஒரு காலம் நம் கண்முன்னேயே வந்துபோனது. 2022 பொருளாதார நெருக்கடியில் அரசாங்க ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமில்லாத லீவில் வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கை வந்தது. அந்த லீவில் போனவரும் உண்டு, வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டே போனவரும் உண்டு, இரண்டுக்கும் வழியிருந்தும் போகாதவரும் உண்டு. மூவருக்கும் விலைவாசி ஒன்று, சம்பளமும் ஏறக்குறைய ஒன்று. திரும்பி வந்தால் நாற்காலி இருக்க வேண்டும் என்று லீவு போட்டவரிடம் பாதுகாப்பு பேசுகிறது. மற்ற இருவரிடம் வேறு ஏதோ பேசுகிறது. உங்களுக்கு அப்போது அந்த வாய்ப்பு இருந்திருந்தால், நீங்கள் எந்த வரிசையில் நின்றீர்கள் என்பதிலிருந்தே தொடங்கலாம்.

எப்படித் தேடுவது? ஷைன் செய்ததையேதான். ஒருவர் கேட்க, ஒருவர் சொல்ல வேண்டும். ஒரு கற்பனை உரையாடலை எடுத்துக்கொள்வோம். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் கணித ஆசிரியை, வயது முப்பத்திரண்டு. ஏ.எல் முடித்துக் கொழும்பில் ஒரு கம்பனியில் கணக்குப் பகுதியில் இருந்தார், விட்டுவிட்டுக் கொட்டகலை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரிக்குப் போய் ஆசிரியை ஆனார். இப்போது துபாய் போகலாமா என்று யோசிக்கிறார். கேட்கிறவர் சித்தி மகன்.

"கொழும்பு வேலைய ஏன் விட்டீங்க அக்கா?"

"சம்பளம் பத்தல தம்பி. போர்டிங் காசு, சாப்பாடு, பஸ் எல்லாம் போனா மிச்சமில்ல."

"கூட்டித் தந்திருந்தா இருந்திருப்பீங்களா?"

"கூட்டித் தாரேன்னுதான் சொன்னாங்க. நான் போறேன்னதும். அப்பயும் வந்துட்டேன்."

"அப்ப சம்பளம் இல்லயே காரணம்?"

"காலைல இருந்து கம்ப்யூட்டரையே பார்த்துக்கிட்டு இருக்கணும். புதுசா வந்த பிள்ளை ஒண்ணுக்கு எக்செல் சொல்லிக் குடுத்தேன், அந்த ஒரு கிழமைதான் அங்க நல்லா இருந்துச்சு."

"ஆசிரிய ஆலோசகரா வாங்கன்னு வலயத்துல கேட்டாங்களே, அது?"

"பைலத் தூக்கிக்கிட்டு ஸ்கூல் ஸ்கூலா போகணும். எனக்கு வகுப்பு வேணும்."

"துபாய்ல என்ன வேலை?"

"கணக்குத்தான்."

"கொழும்புல பெரிய இன்டர்நேஷனல் ஸ்கூல் ஒண்ணு ரெண்டு மடங்கு சம்பளம் தந்து, இதே கணிதத்தப் படிப்பிக்கக் கூப்பிட்டா?"

"அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்க நிறையப் பேர் இருக்காங்க தம்பி."

முதலில் சொன்ன காரணம் பொய்யில்லை. சம்பளம் உண்மையிலேயே பத்தவில்லை. ஆனால் அந்தக் காரணத்தை நீக்கிய பிறகும் முடிவு மாறவில்லை, ஆகவே நங்கூரம் அதில் இல்லை. ஒவ்வொரு பதிலுக்குப் பின்னும் "அது சரியாகியிருந்தால்?" என்று ஒரு கேள்வி போட வேண்டியது இதற்காகத்தான். கடைசிக்கு முன் கேள்வி வரைக்கும் இந்த ஆசிரியையின் நங்கூரம் படிப்பிக்கும் திறமை என்றுதான் தோன்றும். இன்டர்நேஷனல் ஸ்கூல் கேள்விதான் அதைச் சேவைப் பக்கம் திருப்பியது. படிப்பிப்பது மட்டும் போதாது, யாருக்குப் படிப்பிக்கிறோம் என்பதும் அவருக்கு வேண்டும். இதே கேள்விக்குச் சந்தோஷமாக "போவேன்" என்று சொல்கிற நல்ல ஆசிரியர்களும் உண்டு. அவர்கள் யாரும் குறைந்தவர்களல்ல, நங்கூரம் வேறு.

அப்படியானால் துபாய் வேண்டாமா? அப்படி யாரும் சொல்லவில்லை. வீடு கட்டக் காசு வேண்டும் என்பதும் நிஜம், நங்கூரம் சீமெந்து வாங்கித் தராது. ஆனால் எதை விட்டுவிட்டுப் போகிறோம் என்று தெரிந்து போகிறவர், எப்போது திரும்புவது என்பதையும் முடிவு செய்துகொண்டு போவார். தெரியாமல் போகிறவர், அங்கே நன்றாகச் சம்பாதித்துக்கொண்டே தனக்கு ஏன் மனம் ஒட்டவில்லை என்று விளங்காமல் இருப்பார்.

இந்தக் கருத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம். ஷைனின் 44 பேரும் ஆண்கள், பெயர்பெற்ற பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள், கதவுகள் திறந்திருந்த காலத்தில் வேலை தேடியவர்கள். ஒருவருக்கு ஒரே நங்கூரம்தான் என்று அவர் சொன்னதைப் பிற்கால ஆய்வாளர் சிலர் ஏற்கவில்லை. ஒன்றுக்கு மேற்பட்டும் இருக்கலாம் என்றார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. இன்னொரு விஷயம், நம்மில் பலருடைய முடிவுகள் விருப்பத்தில் எடுக்கப்பட்டவையல்ல. அப்பாவுக்கு நோய் வந்ததால் படிப்பை நிறுத்திக் கடைக்குப் போன தம்பியிடம், "ஏன் கடையைத் தெரிந்தெடுத்தீர்கள்?" என்று கேட்பது அபத்தம். அவரிடம் கேட்க வேண்டியது வேறு. அந்தக் கடையிலேயே எந்த வேலை வரும்போது கை தானாக முந்துகிறது? வாடிக்கையாளரோடு பேசவா, சாமான்களை ஒழுங்குபடுத்தவா, கணக்குப் பார்க்கவா, முதலாளி இல்லாத நாளில் கடையை நடத்தவா? கட்டாயத்தில் எடுத்த வேலைக்குள்ளும் விருப்பம் எங்கேயாவது தலை நீட்டியிருக்கும்.

தனியாகச் செய்வதென்றால் ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஓ.எல் (சாதாரண தரப் பரீட்சை) முடிந்து எந்தப் பிரிவு எடுத்தீர்கள் என்பதிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு திருப்பத்தையும். எடுத்த வேலைகளை மட்டுமல்ல, வேண்டாமென்று விட்டவற்றையும் எழுத வேண்டும். பெரும்பாலும் விட்டவைதான் அதிகம் சொல்லும், ஏனென்றால் அதற்கு ஏதோ விலை கொடுத்திருப்பீர்கள். ஆனாலும் இன்னொருவர் கேட்பதுதான் நல்லது. நமக்கு நாமே கேட்டால் முதல் பதிலோடு திருப்திப்பட்டுவிடுவோம். கேட்கிறவர் உங்கள் முடிவால் இலாபமோ நட்டமோ அடையாதவராக இருக்கட்டும். அம்மா, கணவன், மனைவி, கடன் கொடுத்தவர், இந்த வேலைக்கு யாரும் சரிவரமாட்டார்கள்.

பத்தொன்பது வயதுக்காரருக்கு இந்தக் கொப்பி இப்போதைக்கு வேண்டாம், எழுத ஒன்றும் இருக்காது. அவருக்கு வேண்டியது ருசி பார்க்கும் சந்தர்ப்பங்கள். கல்வியியற் கல்லூரியில் மூன்றாம் வருடம் பாடசாலையில் கட்டுறுப் பயிற்சி, அதாவது நேரடியாக வகுப்பெடுத்துப் பழகுவது. அதைச் சான்றிதழுக்கான சடங்காக எண்ணாமல், வகுப்பறை ஒத்துவருகிறதா என்று பார்க்கிற வருடமாக எடுக்கலாம். தொழிற்பயிற்சிகளில் என்.வி.கியூ (தேசிய தொழில் தகைமை) தகுதி படிப்படியாக ஏறுவது. ஒரு படியில் நின்று யோசிக்கவும் இடமுண்டு. சும்மா இருக்கிற மாதங்களில் கடையிலோ ஆபீசிலோ போய் நிற்பதும் வீண்போகாது.

அந்த வேலையில் ஏற்கெனவே இருக்கிறவரைச் சந்தித்தால், "வேலை எப்படி அண்ணே?" என்று கேட்காதீர்கள். "பரவாயில்ல தம்பி" என்று ஒரு பதில் வரும், அவ்வளவுதான். நேற்று காலையிலிருந்து பின்னேரம் வரைக்கும் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். சுதந்திரம் முக்கியமென்று தோன்றினால், லீவு வேண்டுமென்றால் யாரிடம் கேட்க வேண்டும், எத்தனை நாள் முன்னால் என்று கேளுங்கள். பாதுகாப்பு முக்கியமென்றால், போன முறை ஆட்குறைப்பு வந்தபோது முதலில் யாரைப் போகச் சொன்னார்கள் என்று. திறமை முக்கியமென்றால், இங்கே இருபது வருடம் இதே வேலையைச் செய்து நல்ல பெயர் எடுத்தவர் யாராவது இருக்கிறாரா, அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று.